கென்ஷின் இம்பாக்ட்: எலமென்ட் படிவையும் வினையையும் கணக்கறிந்து கையாளும் முறை

நெருப்பும் நீரும் ஒரே எதிரியின் மேல் சேர்ந்தால் திரையில் பெரிய எண் ஒன்று எழும் என்பதை கென்ஷின் இம்பாக்ட் என்னும் வீடியோ கேமை ஆடத் தொடங்கிய முதல் நாளிலேயே எவரும் கண்டுகொள்வர். ஆனால் அதே பாத்திரங்களையும் ஏறக்குறைய அதே ஆயுதங்களையும் வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு அந்தப் பெரிய எண் தொடர்ந்து வருவதும், மற்றவருக்கு எப்போதாவது மட்டும் வருவதும் ஏன் என்பது எளிதில் புலப்படுவதில்லை. பெரும்பாலோர் பாத்திரம் அணியும் ஆர்ட்டிஃபாக்ட் துண்டுகளின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவற்றைத் தேடி மறுபடியும் டொமைன் என்னும் சவால் அறைக்குள் நுழைகிறார்கள். எதிரியின் மேல் எந்த எலமென்ட் (நெருப்பு, நீர் போன்ற இயற்கைச் சக்தி) முதலில் படிந்தது, எவ்வளவு படிந்தது, அதன்மேல் அடுத்து யாருடைய அடி விழுந்தது என்ற மூன்றையும் கவனித்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இந்த விளையாட்டு 2020 செப்டம்பர் 28 அன்று வெளியானது. பைரோ (நெருப்பு), ஹைட்ரோ (நீர்), கிரையோ (பனி), எலக்ட்ரோ (மின்), அனிமோ (காற்று), ஜியோ (பாறை), டென்ட்ரோ (தாவரம்) என்று ஏழு எலமென்ட்கள் இதில் உண்டு. அவற்றுள் டென்ட்ரோ பாத்திரங்கள் சுமேரு பகுதி திறக்கப்பட்ட 2022 ஆகஸ்டில்தான் ஆட்டக்காரர்களின் கைக்கு வந்தன. கீழே வரும் அலகுக் கணக்குகளை விளையாட்டு எந்தப் பக்கத்திலும் எண்ணாகக் காட்டுவதில்லை. ஆட்டக்காரர்கள் பொறுமையாக அளந்து கண்டவை அவை. குறிப்பிட்ட சில பாத்திரங்கள் குழுவில் இருந்தால் மட்டும் தோன்றும் லூனர் வகை வினைகள் தனியாக எழுத வேண்டியவை என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

படிவு என்பது என்ன

ஓர் எலமென்ட் அடி எதிரியின் மேல் விழுந்ததும் இரண்டு செயல்கள் நடக்கின்றன. ஒன்று, சேதம். மற்றொன்று, அந்த எலமென்டில் ஓர் அளவு எதிரியின் மேல் தங்குவது. அவ்வாறு தங்குவதையே இங்கே படிவு என்று குறிப்பிடுகிறேன். எதிரியின் உயிர்க்கோட்டுக்கு மேலே தோன்றும் சிறு சின்னம் அதைக் காட்டும். படிவு தீரப்போகும் வேளையில் அந்தச் சின்னம் விட்டுவிட்டு மின்னும். அனிமோவும் ஜியோவும் எதிரியின் மேல் இவ்வாறு தங்குவதில்லை. ஏற்கெனவே படிந்திருக்கும் வேறொன்றோடு வினைபுரிவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலான அடிகள் 1 அலகு எலமென்டைக் கொண்டவை. சில ஸ்கில்களும் (பாத்திரத்தின் தனித்திறன் அடி) பர்ஸ்ட்களும் (ஆற்றல் நிறைந்தபின் போடும் பேரடி) 2 அலகு, அரிதாகச் சில 4 அலகு கொண்டவை. வெறும் எதிரியின் மேல் முதலில் விழும் அடியின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்து மீதிதான் தங்கும். எனவே 1 அலகு அடி 0.8 அலகாகப் படிந்து, வேறெதுவும் தொடாவிட்டால், 9.5 நொடியில் மெல்லக் கரைந்து மறையும். 2 அலகு அடி 1.6 அலகாகப் படிந்து 12 நொடியும், 4 அலகு அடி 3.2 அலகாகப் படிந்து 17 நொடியும் நிற்கும். அளவு இரட்டிப்பானாலும் காலம் இரட்டிப்பாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய படிவு வேகமாகவே கரைகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதலில் 1 அலகு அடி விழுந்து, அது தீருமுன் அதே எலமென்டின் 2 அலகு அடி விழுந்தால், அளவு 1.6 ஆக உயரும். ஆனால் கரையும் வேகம் முதல் அடியின் மெதுவான வேகமாகவே தொடரும். ஆகவே நேரடியாக 2 அலகைப் போட்டால் 12 நொடி நிற்பது, இந்த வரிசையில் 19 நொடி வரை நிற்கும்.

எதன்மேல் எது

படிந்திருக்கும் எலமென்டின் மேல் வேறோர் எலமென்ட் விழும்போது வினை நிகழ்கிறது. இரண்டாவதாக வரும் அடியே வினையைத் தூண்டுகிறது. அந்த அடிக்கு முன்சொன்ன கழிவு கிடையாது. வினை முடிந்தபின் அதில் எஞ்சிய பகுதி பொதுவாகப் புதிய படிவாகத் தங்குவதும் இல்லை.

வேப்பரைஸ், மெல்ட் ஆகிய இரண்டும் தூண்டும் அடியின் சேதத்தையே பெருக்கும் வினைகள். பைரோ படிந்த எதிரியை ஹைட்ரோவால் அடித்தால் சேதம் 2 மடங்கு. ஹைட்ரோ படிந்த எதிரியைப் பைரோவால் அடித்தால் 1.5 மடங்கு. மெல்டில், கிரையோ படிவின் மேல் பைரோ விழுந்தால் 2 மடங்கும், பைரோ படிவின் மேல் கிரையோ விழுந்தால் 1.5 மடங்கும் கிடைக்கும். இந்த அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் 2 மடங்கு வரும் திசையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்று தோன்றும். அப்படித் தோன்றுவதால்தான் பலருடைய குழுக்கள் தடுமாறுகின்றன.

காரணம் செலவில் இருக்கிறது. 2 மடங்கு தரும் திசையில் தூண்டும் அடி தன் அளவைப் போல இரண்டு மடங்கு படிவைத் தின்றுவிடும், 1.5 மடங்கு தரும் திசையில் தன் அளவில் பாதியை மட்டுமே தின்னும். எதிரியின் மேல் 0.8 அலகு பைரோ இருக்கும்போது 1 அலகு ஹைட்ரோ அடி விழுந்தால் 2 அலகு வரை துடைத்துவிடும் என்பதால், ஒரே அடியில் படிவு காலியாகிவிடும். அடுத்த ஹைட்ரோ அடிக்கு வினைபுரிய எதுவும் இருக்காது. மாறாக, 0.8 அலகு ஹைட்ரோவின் மேல் 1 அலகு பைரோ அடி விழுந்தால் 0.5 மட்டுமே போய் 0.3 மீதம் இருக்கும். உடனே விழும் இரண்டாவது பைரோ அடிக்கும் வேப்பரைஸ் கிடைக்கும். அதுவே 1.6 அலகு ஹைட்ரோவாக இருந்தால், விரைந்து விழும் நான்கு பைரோ அடிகளுக்குக் கூடப் போதும். நாலைந்து அடிகளாகச் சேதத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாத்திரத்துக்கு 1.5 மடங்கு திசையே லாபம். ஒரே பேரடியில் எல்லாவற்றையும் கொட்டும் பாத்திரத்துக்கு 2 மடங்கு திசை பொருந்தும்.

நேரமும் இதில் சேர்கிறது. அந்த 0.8 அலகு படிந்தவுடன் அடிக்காமல் நான்கு நொடி சுற்றிக்கொண்டிருந்தால், கரைந்தது போக மீதி 0.5-க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது முதல் பைரோ அடியே அனைத்தையும் தின்றுவிட, இரண்டாவது வேப்பரைஸ் கைநழுவும். சின்னம் இன்னும் தெரிகிறதே என்று நம்பி அடிப்பவர்கள் ஏமாறும் இடம் இது. சின்னம் இருப்பதை மட்டுமே திரை காட்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை விரல்விட்டு எண்ணித்தான் அறிய வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க விலையுயர்ந்த பாத்திரம் எதுவும் தேவையில்லை. கதையின் தொடக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் ஆம்பரும் (பைரோ) கேயாவும் (கிரையோ) போதும். தனியாக நிற்கும் ஹிலிச்சர்ல் என்னும் சாதாரண எதிரி ஒன்றின் மேல் கேயாவின் ஸ்கில்லைப் போட்டு, உடனே ஆம்பருக்கு மாறி, முழுமையாக இழுத்த அம்பை எய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசையை மாற்றி, ஆம்பரின் அம்பை முதலிலும் கேயாவின் ஸ்கில்லைப் பின்னரும் போடுங்கள். முதல் முறையில் ஆம்பரின் எண் 2 மடங்காகும். இரண்டாம் முறையில் கேயாவின் எண் 1.5 மடங்காகும். கிரிட் (தற்செயலாகச் சேதம் கூடும் அடி) விழுந்தால் ஒப்பீடு கெடும் என்பதால், கிரிட் விழாத எண்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அடியும் படிவதில்லை

ஒரு பாத்திரத்தின் ஒரே வகை அடி தொடர்ந்து விழும்போது, ஒவ்வோர் அடியும் எலமென்டைப் படியவைப்பதில்லை. பொதுவான விதி இதுதான்: முதல் அடி படியும், அதன்பின் 2.5 நொடி கழிந்திருக்க வேண்டும், அல்லது மூன்று அடிகள் கடந்திருக்க வேண்டும். தொடர்ந்து அடித்தால் 1, 4, 7 ஆகிய அடிகளே எலமென்டைச் சுமந்து செல்லும். இடைப்பட்ட அடிகளும் அந்த எலமென்டின் நிறத்தில்தான் சேதம் காட்டும். ஆனால் அவை படியவும் மாட்டா, வினையைத் தூண்டவும் மாட்டா. இந்தக் கணக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி, ஒவ்வோர் எதிரிக்கும் தனி. ஒரு ஸ்கில்லின் கணக்கு சாதாரண அடியின் கணக்கோடு பெரும்பாலும் கலப்பதில்லை.

இந்த விதிக்கு விலக்கான அடிகளும் உண்டு. ஷியாங்லிங்கின் பர்ஸ்டில் சுழலும் நெருப்பு வளையம் ஒவ்வொரு சுற்றிலும் 1 அலகு பைரோவைத் தவறாமல் போடும். அந்தப் பாத்திரம் வெளியான நாள் முதல் இன்றுவரை மதிப்புக் குறையாமல் இருப்பதற்கு இந்த விலக்கு ஒரு முக்கியக் காரணம். புதிய பாத்திரம் ஒன்றைப் பெற்றதும், அதன் சேத விழுக்காட்டைப் படிக்கும் முன், எத்தனை அடிக்கு ஒரு முறை எலமென்டைப் படியவைக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

தன் கணக்கில் சேதம் தரும் வினைகள்

ஓவர்லோட் (பைரோவும் எலக்ட்ரோவும்), சூப்பர்கண்டக்ட் (கிரையோவும் எலக்ட்ரோவும்), எலக்ட்ரோ-சார்ஜ்டு (ஹைட்ரோவும் எலக்ட்ரோவும்), ஸ்வர்ல் (அனிமோவின் வினை), ப்ளூம், ஹைப்பர்ப்ளூம், பர்ஜன் ஆகியவை வேறு குடும்பம். இவை தூண்டிய அடியைப் பெருக்குவதில்லை. தமக்கென்று தனியாக ஒரு சேதத்தை உண்டாக்குகின்றன. அந்தச் சேதம் தூண்டிய பாத்திரத்தின் நிலையையும் (லெவல்), வினைகளை வலுப்படுத்தும் எலமென்டல் மாஸ்டரி என்ற எண்ணையும் பொறுத்தது. தாக்குவலிமையோ கிரிட்டோ இயல்பாக அதில் சேர்வதில்லை. எதிரியின் தற்காப்பு எண்ணும் குறுக்கே வராது. எதிர்ப்புத்திறன் மட்டுமே கழியும்.

ஹைப்பர்ப்ளூமை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். டென்ட்ரோவும் ஹைட்ரோவும் சேர்ந்தால் எதிரியின் அருகே டென்ட்ரோ கரு ஒன்று தரையில் தோன்றும். அதை எலக்ட்ரோவால் தொட்டால், அது எதிரியைத் தேடிப் பாய்ந்து வெடிக்கும். 90 ஆம் நிலைப் பாத்திரத்துக்கு அடிப்படை எண் சுமார் 1447. ஹைப்பர்ப்ளூம் அதை 3 மடங்காக்கி 4341 ஆக்கும். மாஸ்டரி 800 இருந்தால் 457 விழுக்காடு கூடி, சுமார் 24,180 ஆகும். வழக்கமான எதிரியின் 10 விழுக்காட்டு எதிர்ப்பைக் கழித்தால் ஒரு கருவுக்கு ஏறக்குறைய 21,760. இதற்கு நல்ல ஆயுதமோ அபூர்வமான கிரிட் ஆர்ட்டிஃபாக்டோ வேண்டியதில்லை; மாஸ்டரியை முதன்மை எண்ணாகக் கொண்ட மூன்று துண்டுகளும் 90 ஆம் நிலையும் இதில் பெரும்பங்கைத் தந்துவிடும். இதே பாத்திரம் 80 ஆம் நிலையில் நின்றால் அடிப்படை எண் சுமார் 1077 மட்டுமே. அதாவது கடைசிப் பத்து நிலைகள் மட்டும் 34 விழுக்காட்டைத் தருகின்றன. வேப்பரைஸ் பாத்திரத்தை 80-இல் நிறுத்தலாம். ஹைப்பர்ப்ளூமைத் தூண்டும் பாத்திரத்தை நிறுத்தக்கூடாது.

இங்கே யார் தூண்டுகிறார்கள் என்பதே எல்லாம். கரு யாரால் உருவானாலும், அதை எலக்ட்ரோவால் தொட்டவரின் மாஸ்டரியே கணக்கில் வரும். எனவே குழுவில் குக்கி ஷினோபு எலக்ட்ரோவாக இருந்தால், மாஸ்டரி முழுவதும் அவருக்கே செல்ல வேண்டும். கூடவே இரண்டாவது எலக்ட்ரோ பாத்திரத்தைச் சேர்த்து அவர் முந்திக்கொண்டு கருவைத் தொட்டால், பலவீனமான கணக்கில் கரு வீணாகும். களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து கருக்கள் வரைதான் நிற்கும். ஆறாவது தோன்றினால் பழையது தானாக வெடிக்கும். யாரும் தொடாத கரு ஆறு நொடியில் வெடிக்கும். தானாக வெடிக்கும் ப்ளூமும் பைரோவால் வெடிக்கும் பர்ஜனும் அருகே நிற்கும் உங்கள் பாத்திரத்தையும் காயப்படுத்தும் என்பதால், இக்குழுக்களில் உயிரேற்றும் பாத்திரம் ஒன்று இருப்பது வசதி.

மாஸ்டரியின் பலன் எல்லா வினைக்கும் ஒன்றல்ல. 200 மாஸ்டரி வேப்பரைஸையும் மெல்டையும் சுமார் 35 விழுக்காடும், தனிச்சேத வினைகளை 145 விழுக்காடும் கூட்டும். 800 ஆக்கினால் முன்னதற்கு 101, பின்னதற்கு 457. வேப்பரைஸ் தூண்டும் பாத்திரத்துக்குத் தாக்குவலிமையையும் கிரிட்டையும் பலியிட்டு மாஸ்டரியைக் குவிப்பது பெரும்பாலும் நட்டமே. 10,000 சேதம் தரும் பைரோ அடி ஒன்று, 200 மாஸ்டரியோடு ஹைட்ரோ படிவின் மேல் விழுந்தால் 1.5 மடங்கும் 35 விழுக்காடும் சேர்ந்து 20,200 அளவுக்கு வரும். அதற்குமேல் மாஸ்டரியை ஏற்ற ஏற்ற, கூடும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். சேதமே தராத ஆதரவுப் பாத்திரத்துக்கு மாஸ்டரி அணிவித்துவிட்டு வேப்பரைஸ் கூடவில்லையே என்று வியப்பவர்களும் உண்டு. தூண்டாதவரின் மாஸ்டரி வினைக்கு எதுவும் செய்யாது.

டென்ட்ரோவும் எலக்ட்ரோவும் சேர்ந்தால் உண்டாகும் குவிக்கன் இவ்விரு குடும்பத்துக்கும் இடைப்பட்டது. அது தானாகச் சேதம் தராமல் எதிரியின் மேல் ஒரு புதிய படிவாக நிற்கும். அதன்மேல் எலக்ட்ரோ விழுந்தால் அக்ரவேட், டென்ட்ரோ விழுந்தால் ஸ்ப்ரெட். இவ்விரண்டும் தூண்டும் அடியின் அடிப்படைச் சேதத்தில் ஓர் எண்ணைக் கூட்டுகின்றன. அடியோடு கலந்துவிடுவதால் கிரிட்டும் எலமென்ட் சேத விழுக்காடும் அந்த எண்ணுக்கும் பொருந்தும். மேலும், அக்ரவேட்டும் ஸ்ப்ரெட்டும் குவிக்கன் படிவைத் தின்பதில்லை. டென்ட்ரோ பாத்திரமான நஹிதாவின் ஸ்கில்லோடு எலக்ட்ரோ பாத்திரமான ஃபிஷிலின் காகத்தைக் களத்தில் விட்டால் அதிகக் கவனமில்லாமலே சேதம் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இந்த வகைக் குழுவையே. வரிசை தவறினாலும் இது அவ்வளவாகத் தண்டிப்பதில்லை.

மற்றவை

ஹைட்ரோவும் கிரையோவும் சேர்ந்தால் எதிரி உறையும். உறைந்த எதிரியைக் கிளேமோர் (கனத்த பெருவாள்), ஜியோ, மேலிருந்து பாயும் அடி ஆகியவற்றால் அடித்தால் ஷாட்டர் நிகழ்ந்து உறைவு கலைந்துவிடும். ஆகவே உறையவைத்து அடிக்கும் குழுவில் கிளேமோர் ஏந்தியவரைக் கொண்டு அடிக்கக்கூடாது. பிளிசார்ட் ஸ்ட்ரேயர் என்ற ஆர்ட்டிஃபாக்ட் தொகுப்பின் நான்கு துண்டுகள் கிரையோ படிந்த எதிரிக்கு எதிராக 20 விழுக்காடும், உறைந்திருந்தால் மேலும் 20 விழுக்காடும் கிரிட் வாய்ப்பைத் தரும். குழுவில் கிரையோ இருவர் இருந்தால் இன்னும் 15 சேரும். பெரும்பாலான பாஸ்கள் உறைவதில்லை என்பது இதன் எல்லை.

சூப்பர்கண்டக்ட் எதிரியின் உடல்வகைச் சேத எதிர்ப்பை 12 நொடிக்கு 40 விழுக்காடு குறைக்கும். உடல்வகைச் சேதம் தரும் பாத்திரம் இல்லாவிட்டால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஓவர்லோட் சிறிய எதிரிகளைத் தூக்கி எறிவதால், நெருங்கி நின்று அடிப்பவருக்கு எரிச்சலையே தரும். ஜியோ தரும் கிரிஸ்டலைஸ் ஒரு கேடயத்துண்டைத் தரும். அது தன் எலமென்டுக்கு எதிராக 250 விழுக்காடு தாங்கும். அனிமோவின் ஸ்வர்ல் இவற்றைவிடப் பயனுள்ளது. அது படிவைச் சுற்றியுள்ள எதிரிகளுக்குப் பரப்புவதோடு, விரிடெசன்ட் வெனரர் என்ற ஆர்ட்டிஃபாக்ட் தொகுப்பின் நான்கு துண்டுகளை அணிந்தவர் தூண்டினால் அந்த எலமென்டின் எதிர்ப்பை 10 நொடிக்கு 40 விழுக்காடு குறைக்கும்.

படிவு உங்கள் மேலும் விழும்

எதிரிக்குப் பொருந்தும் விதிகள் உங்கள் பாத்திரத்துக்கும் பொருந்தும். மழையில் நின்றாலும் நீரில் இறங்கினாலும் ஹைட்ரோ படியும். அந்நேரம் கிரையோ எதிரி அடித்தால் உறைந்துபோவீர்கள். எலக்ட்ரோ எதிரி அடித்தால் எலக்ட்ரோ-சார்ஜ்டு சேதம் தொடர்ந்து விழும். உறைந்தால் குதிக்கும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தித்தான் விரைவில் விடுபட முடியும். நம் ஆதரவுப் பாத்திரங்களும் இதைச் செய்வதுண்டு: பார்பராவின் ஸ்கில் நம்மையே நனைக்கும், பெனட்டின் பர்ஸ்ட் வட்டம் நம்மேல் பைரோவைப் படியவைக்கும். கிரையோ எதிரிகள் நிறைந்த இடத்துக்குப் பார்பராவை அழைத்துச் சென்று அடிக்கடி உறைபவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். எதிரிக்கு எதிராகவும் மழையைப் பயன்படுத்தலாம்; வெட்டவெளியில் மழை பெய்யும்போது ஹைட்ரோ பாத்திரம் இல்லாமலே வேப்பரைஸ் கிடைக்கும்.

வரிசையைக் கட்டுதல்

இதுவரை சொன்ன அனைத்தும் ஒன்றாக வேலை செய்வதைக் காண, ஷிங்ச்சியூ (ஹைட்ரோ), பெனட் (பைரோ), சுக்ரோஸ் (அனிமோ), ஷியாங்லிங் (பைரோ) ஆகிய நால்வரும் போதும். சேதத்தின் பெரும்பங்கு ஷியாங்லிங்கின் நெருப்பு வளையத்திலிருந்து வர வேண்டும். எனவே எதிரியின் மேல் ஹைட்ரோ நிலைத்திருக்க, பைரோ அதன்மேல் விழ வேண்டும். முதலில் ஷிங்ச்சியூவின் பர்ஸ்ட். அது 15 நொடி நிற்கும். களத்தில் இருப்பவர் சாதாரணமாக அடிக்கும்போதெல்லாம் நீர்வாள்கள் பாயும். அடுத்து, வட்டத்துக்குள் நிற்பவரின் தாக்குவலிமையைக் கூட்டும் பெனட்டின் பர்ஸ்ட். பிறகு விரிடெசன்ட் வெனரர் அணிந்த சுக்ரோஸைக் கொண்டு ஸ்வர்ல் செய்யும்போது பைரோ பரவுகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோ மட்டும் பரவினால் பைரோவின் எதிர்ப்பு குறையாது. அதன்பின் பெனட்டின் வட்டத்துக்குள் நின்றபடியே ஷியாங்லிங்கின் பர்ஸ்டைத் தொடங்குங்கள். தொடங்கிய கணத்தின் தாக்குவலிமையே வளையம் முடியும்வரை நிலைக்கும் என்பதால், பிறகு வட்டத்தை விட்டு வெளியேறினாலும் குறைவில்லை. வளையம் சுழலும்போது ஷிங்ச்சியூவின் நீர்வாள்கள் ஓயாதிருக்க, சுக்ரோஸைக் களத்தில் வைத்துச் சாதாரண அடியைத் தொடருங்கள்.

இந்த நேரத்தில் பெனட்டின் ஸ்கில்லையும் இடையிடையே திணிக்கும் ஆசை வரும். ஆற்றல் வேண்டுமென்றால் வளையம் தொடங்குமுன் போட்டுக்கொள்ளலாம். நடுவில் போட்டால் அந்த அடியும் ஹைட்ரோவைத் தின்னும். படிவு பைரோவாக மாறிவிட்டால், அடுத்து விழும் நீர்வாளே 2 மடங்கு வேப்பரைஸைத் தூண்டிவிட்டு, ஷியாங்லிங்குக்கு வெற்று எதிரியை விட்டுச்செல்லும். வளையத்தின் அடிகளில் சிறிய எண்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தால், எதிரியின் தலைக்கு மேல் அந்நேரம் எந்தச் சின்னம் நிற்கிறது என்று பாருங்கள். பைரோ நின்றால் பைரோ போடும் மற்ற அடிகளைக் குறையுங்கள். எந்தச் சின்னமும் இல்லையென்றால் சாதாரண அடிகளுக்கு இடையே விழும் இடைவெளியைக் குறையுங்கள்.